மூட்டத்துக்குப் பின்னால் ஒரு படகு

பிப்ரவரி 9, திங்கள்



எங்கள் தெருவில் மீன் விற்கும் செல்வியக்காவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. இன்று காலை கொட்டிவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து கேமராவின் பெரிய லென்ஸில் கடலைப் படம் எடுத்தேன். படமெல்லாம் ஒரே வெள்ளை மூட்டம். உடனே லேப்டாப்பில் போட்டு, மூட்டத்தைக் குறைக்கும் ஸ்லைடரை மெல்ல இழுத்தேன். வெண்மை விலக விலக, தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. அதில் ஓர் ஆள் நின்று துணியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

லேப்டாப்போடு கரைக்கு ஓடினேன்.

“ஐயோ, எங்க ஊட்டுக்காரரு! உசுரோட கீறாரு!” என்று அக்கா அலறினார்.

அவர் தம்பி என்னிடம், “எந்தப் பக்கம்மா?” என்றார். கையை நீட்டிக் காட்டினேன். இரண்டு படகுகள் பாய்ந்தன.

மதியத்துக்குள் அந்தப் படகை இழுத்துவந்துவிட்டார்கள். இன்ஜின் பழுதாம். தண்ணீர் குடித்து முடித்ததும் அக்காவின் வீட்டுக்காரர் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“கை கடுத்துப் போச்சும்மா. யாரு பாக்கப் போறாங்கன்னு, துணியைக் கீழ போட இருந்தேன்.”