நெய்வேலி கரண்டில் குறையா?

நெய்வேலி
14-6-66

அன்புள்ள மகன் கொளஞ்சிநாதனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். பம்பாயில் மழை பிடித்துக்கொண்டது என்று பேப்பரில் பார்த்தோம், நீ நனையாமல் கொள்ளாமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாயா என்று பதில் போடவும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. குவார்ட்டர்ஸ் பின்னால் வைத்த முருங்கை காய்த்துவிட்டது, பிளாக் முழுக்க அவள்தான் காய் விநியோகம். இதெல்லாம் இருக்கட்டும், முதலில் உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பெத்த புள்ளைக்கு எந்த அப்பனாவது நன்றி சொல்லிகினு இருப்பானா என்று உன் அம்மா சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

எதிர் வீட்டு சாமியம்மாளின் மகள் சந்திரகலா எங்கள் சம்பளக் கணக்கு ஆபீசில் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும். துளை போட்ட கார்டுகளை மெஷினில் கொடுத்துக் கூட்டி எடுக்கிற வேலை. காலை ஷிப்டில் துரைராஜ், மதிய ஷிப்டில் இவள். இரண்டு மாதமாக மதியக் கூட்டல் மட்டும் தப்பு, ஒரே கட்டுக் கார்டை இரண்டு தரம் ஓட்டினால் இரண்டு விடை. மெட்ராசிலிருந்து மெக்கானிக் வந்து காலையில் பிரித்துப் பூட்டிவிட்டு, மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று போய்விட்டார். அப்புறம் என்ன, அந்தப் பெண்ணுக்குக் கை சரியில்லை, கவனம் போதாது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். பர்மனன்ட் கிடையாது, இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள் என்று ஆபீசர் சண்முகசுந்தரம் சொல்லிவிட்டார். தகப்பன் இல்லாத வீடு, அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

கூட்டல் தப்புவதைச் சித்திரையிலேயே உனக்கு எழுதினபோது, நீ பம்பாயில் வேலை பார்க்கிற கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும் மெஷினைத் திறக்கும் முன்னால் கரண்டைத்தான் அளப்போம், அதுவும் ஓடும்போதே அளப்போம் என்று பதில் போட்டாய். எனக்கு வந்ததே கோபம். பாதி ராஜ்ஜியத்துக்குக் கரண்ட் அனுப்புகிற ஊர், அதில் ஒரு எலக்ட்ரீஷியன், எனக்கே பாடமா என்று உன்னைத் தாறுமாறாகத் திட்டி எழுதினேன். காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 230 வோல்ட் சரியாக இருந்தது, அதோடு விட்டேன். இங்கே யாருக்கும் வேறு எதில் வேண்டுமானாலும் சந்தேகம் வரும், கரண்டில் மட்டும் வராது. ஆனால் போன வாரம் சாமியம்மாள் வந்து அம்மாவிடம் அழுததைக் கேட்ட பிறகு மனசு நிற்கவில்லை. மறுநாள் மதியம் மீட்டரோடு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வெயில் ஏறினதும் ரூம் கூலரைப் போட்டார்கள். அது கிளம்பின நொடியில் முள் 170-க்கு விழுந்து எழுந்தது, மெஷின் ஒரு தரம் விக்கியது, கூட்டல் தப்பு. கூலரை நிறுத்தி ஓட்டினேன், சரி. மறுபடி போட்டேன், தப்பு. அந்தக் கூலருக்குத் தனி லைன் இழுக்கச் சோம்பல்பட்டு, மாசியில் மெஷின் லைனிலேயே கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

உன்னிடம் மறைப்பானேன், ராத்திரியோடு ராத்திரியாக லைனை மாற்றிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் கெட்ட பேர் அவள் மேலேயே நின்றுவிடுமே. நேரே ஆபீசரிடம் போய், என் வேலைங்க, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லைங்க என்று சொன்னேன். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், வருத்தம் இல்லை. நேற்று சந்திரகலாவுக்கு பர்மனன்ட் ஆர்டர் வந்தது. வீட்டுக்கு வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கைதான் ராசியில்ல போலன்னு நானே நம்பிகினு இருந்தேன் மாமா, நீங்க சொல்லலன்னா சாவுற வரைக்கும் அப்படியேதான் நம்பிகினு இருந்திருப்பேன் என்றாள். அந்த நன்றி உனக்குச் சேர வேண்டியது, அதனால் இந்தக் கடிதத்திலேயே அனுப்பிவிட்டேன்.

கொளஞ்சியப்பர் துணையால் நீ தீர்க்காயுசாக, நல்ல பேரோடு இருக்க வேண்டும். அம்மா தனியாக ஆசீர்வாதம் சொல்கிறாள், தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல்கிறாள். ஒன்று மறக்காதே. நான் திட்டினதிலிருந்து உன் கடிதம் நாலு வரியோடு நின்றுவிடுகிறது. அப்பாவுக்குத் தெரியாதா என்று இனி எதையும் எழுதாமல் விடாதே. தெரியாதப்பா, எழுது.

உன் அன்புள்ள அப்பா,
தங்கராசு