இரண்டு வீட்டுத் தோட்டாக்கள்

இன்று காலை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் உன் அலமாரியைக் காலி செய்தார்கள். தடித்த கோட்டு, இடது கை உறை, முழங்கைக்கு அடியில் மடித்துப் போடுவாயே அந்தப் பழைய துண்டு, எல்லாம் வெளியே வந்தன. கடைசியில் ஐம்பது குழி உள்ள உன் நீலப் பெட்டி. மூடியைத் திறந்ததும் மெழுகும் பித்தளையும் கலந்த அந்த வாசனை அடித்தது. உள்ளே இருபது தோட்டாக்கள் இருந்தன. மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த சீட்டில் 'டீச்சர்' என்ற முதல் சொல்லை மட்டும் ரேஞ்சின் செயலாளர் பார்த்துவிட்டு, "டீச்சர், இது ஒங்களுக்கு எழுதுனது போல இருக்கு" என்று நீட்டினார். படித்துவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல இந்தக் கடிதம்.

நீ இங்கே வந்ததே ஒரு சான்றிதழுக்காகத்தான். அலங்காநல்லூர்ப் பக்கம் உங்கள் கரும்புக் கொல்லையில் பன்றி விரட்ட உன் அப்பா வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி, அவருக்குப் பிறகு உன் பேருக்கு வர வேண்டும். உரிமத்துக்குப் பயிற்சிச் சான்று கேட்டார்கள். நான் திருநகரிலிருந்து என்சிசி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த இயற்பியல் டீச்சர். நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் பாயில் குப்புறப் படுத்துச் சுடுவதைப் பார்த்து ரேஞ்சே சிரித்தது. உன் முதல் பத்து குண்டுகள் விழுந்த அட்டையைப் பார்த்த பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கு எதையும் அளந்து பார்க்க வேண்டும். எங்கள் பள்ளி ஆய்வகத்தின் மின்தராசைத் தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொரு தோட்டாவாக நிறுத்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாய்.

"எடை போட்டு வாங்க இது என்ன மொளகா வத்தலா டீச்சர்? உள்ள இருக்க கேப்பு மருந்து ஒரு பொட்டுதான். வேலை அம்புட்டும் அதுதான் செய்யுது."

நீ சொன்னது உண்மை. நாம் சுடும் சின்னத் தோட்டாவில் அந்த மருந்து பித்தளை விளிம்புக்குள் ஒரு பூச்சாக ஒளிந்திருக்கிறது. ஊசி வந்து தட்டியதும் முதலில் பற்றுவது அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். அந்தப் பூச்சு ஒரு தோட்டாவுக்கு ஒரு மாதிரி, அடுத்ததற்கு வேறு மாதிரி பற்றினால், ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒரு குண்டு மேலேயும் ஒன்று கீழேயும் போய் விழும். ஒரே நாளில் ஒரே கலவையில் செய்த தோட்டாக்களுக்கு அட்டைப்பெட்டியில் ஒரே லாட் எண் போட்டிருப்பார்கள். "ஒரு லாட்டுங்குறது ஒரு வீட்டுப் பிள்ளைக மாதிரி. கொணம் ஒண்ணுபோல இருக்கும்" என்பது உன் கணக்கு. எந்த லாட் எந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவரும் என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். உன் துப்பாக்கிக்குப் பிடித்தது என்னுடையதற்குப் பிடிக்காது.

அப்படி நீ லாட் தேர்ந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் ஸ்கோப் என்னும் தொலைநோக்கியில் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சுட்டதும் கண்ணை மூடிக்கொண்டாய்.

"கீழ" என்றாய். ஓட்டை கீழே இருந்தது.

"இது சரியா போயிருக்கும்." நடுவில்.

"மேல, ஒரு இணுக்கு." மேலே, ஒரு இணுக்கு.

பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னாய். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"எங்கப்பா துப்பாக்கியில கேப்பு நமுத்துப்போனா, தட்டுன பெறகு கொஞ்சம் இழுத்துட்டுத்தான் வெடிக்கும் டீச்சர். இது அம்புட்டு இழுக்காது. ஆனா இழுக்குது. தோள்ல தெரியுது, காதுல தெரியுது. ஒங்களுக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் ஒலியும் வேகமும் பாடம் நடத்தியவள் நான். ஒரு நொடியைப் பொடியாக்கினால் கிடைக்கும் துகளை நீ தோளில் எடை பார்த்தாய். அன்று உன்னைப் பார்த்த மாதிரி நான் எந்தக் கோபுரத்தையும் அண்ணாந்து பார்த்ததில்லை.

பிறகு அந்தத் தகுதிப் போட்டி வந்தது. அதில் தேறினால் தேசியப் போட்டிக்குப் போகலாம். உனக்கு அது பதக்க ஆசை இல்லை. "பொம்பளைக்குத் துப்பாக்கி எதுக்கு, உரிமத்த என் பேருக்கு மாத்திக் குடு" என்று உன் அண்ணன் நச்சரித்துக்கொண்டிருந்தார். "இந்த ஒருவாட்டி தேறிட்டா அண்ணே வாயத் தொறக்காது" என்றாய். உனக்கு ஒத்துவந்த லாட்டில் இரண்டே பெட்டிகள் பாக்கி இருந்தன. முந்தின நாள் மதியம் அவற்றை என்னிடம் கொடுத்து, "பாத்துக்கங்க டீச்சர், காலையில வாரேன்" என்று கிளம்பினாய்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தை இப்போது சொல்கிறேன். உன் இரண்டு பெட்டிகளையும் வேறு லாட்டான என் இரண்டு பெட்டிகளையும் மேசையில் கொட்டி, தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, எடை அச்சாக ஒத்துப்போன நூறு தோட்டாக்களை உனக்கென்று அடுக்கினேன். உனக்கு உதவுகிற பெருமை எனக்கு. இரண்டு லாட்டும் கலந்துபோயின என்பது என் படித்த மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் உனக்குப் பின்னால் நின்று ஸ்கோப்பில் பார்த்தேன். கணக்கில் சேராத பழக்கக் குண்டுகள் நடுவில் விழுந்தன. போட்டி தொடங்கியதும் மூன்றாவது குண்டு கீழே. ஐந்தாவதும் கீழே. ஏழாவதும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போட்டி நடக்கையில் வாய் திறக்கக் கூடாது. திறக்கலாம் என்றிருந்தாலும் திறந்திருப்பேனா தெரியாது. நீ துப்பாக்கியைக் கீழே வைத்தாய். பெட்டியிலிருந்து ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து, மெழுகைக் கட்டைவிரலால் தடவி, பாயில் இரண்டு வரிசையாக வைத்தாய். ஒன்றில் மெழுகு பிசுபிசுப்பு, மற்றதில் வழவழப்பு. நான் பிற்பாடு தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. கடிகாரம் ஓடியது. பிறகு ஒரு வரிசையை முழுக்கச் சுட்டாய். அது தீர்ந்ததும் குறிக்கருவியை இரண்டு சொடுக்கு உயர்த்தி, மற்ற வரிசையிலிருந்து எடுத்தாய். அதற்குப் பிறகு ஒரு குண்டும் கீழே போகவில்லை.

ஒரே ஒரு புள்ளியில் தகுதி போயிற்று.

என்ன ஆயிற்று என்று செயலாளர் கேட்டார். நீ என் முகத்தைப் பார்க்காமல், "காத்துண்ணே. அம்புட்டுதான்" என்றாய். காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளும். உன் குண்டுகள் போனது நேர் கீழே. இயற்பியல் டீச்சருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும், "ஆமா, நல்ல காத்து" என்று தலையாட்டினேன். கலந்தது நான் என்று உனக்குத் தெரியாது என்று என்னை நானே நம்பவைத்தேன். அடுத்த போட்டிக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். மார்கழியில் பத்து நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

இப்போது உன் சீட்டு. உன் கோணல் எழுத்து அப்படியே இருக்கிறது: "டீச்சர் கலந்துட்ட தோட்டாவுல மிச்சம். பத்து அவுக துப்பாக்கியில சுட்டுப் பாத்தேன். அதுக்கு இது அம்சமா ஒக்காருது. அடுத்த போட்டிக்கு அவுகளுக்குக் குடுக்கணும்."

உன்னைத் தோற்கடித்த தோட்டாக்களை எடுத்து, நான் இல்லாத ஒரு நாளில் என் துப்பாக்கியோடு படுத்து, எனக்கு எது பொருந்தும் என்று பார்த்திருக்கிறாய். நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே நீ அதை முடித்துவைத்துவிட்டாய்.

செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கலந்தது நான்தான் என்றேன். அவர் நீலப் பெட்டியை மூடி என் கையில் வைத்தார். பிறகு, "அந்தப் பிள்ள காத்துன்னு சொன்னப்பவே நெனச்சேன். அன்னைக்குக் காத்துப் பாக்குற கொடித்துணி அசையவே இல்ல டீச்சர்" என்றார்.

மதியம் உன் பாயில் படுத்தேன். என் துப்பாக்கியில் உன் தோட்டாக்கள் பத்தைச் சுட்டேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு கண்ணை மூடி, மேலேயா, கீழேயா, நடுவிலா என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒன்பது தடவை தப்பு. எல்லாம் நடுவிலேயே போய் உட்கார்ந்திருந்தன.

இன்னும் பத்து இருக்கின்றன. எடை போடவில்லை.