கண்டமங்கலம் பதில் இல்லை

அக்டோபர் 6, திங்கள்

காலையில் தூறல். காரில் புது வயர்லெஸ் செட் பொருத்தியாயிற்று. ஏழு மணிக்குப் போர்ட்டிகோவில் நின்ற காரிலேயே, முன் சீட்டில் உட்கார்ந்து சங்கத்தின் ரோல்கால். மழைக்காலத்தில் செல்போன் கோபுரம் படுத்துவிட்டால் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எங்கள் அமெச்சூர் ரேடியோதான் பேசும். அதற்கு இந்தத் தினசரி ஒத்திகை. என் கணவர் காலமானபின் ஊர் ஊராக அழைத்து வருகை எடுப்பது என் பொறுப்பு. வேறு எதையும் நான் இவ்வளவு விரும்பியதில்லை.

எதிர்வீட்டு லலிதா: "காலங்காத்தால எங்க ஆன்ட்டி கிளம்பிட்டீங்க?" "விழுப்புரம்" என்றேன். பொய்யில்லை, குரல் போகிறதே.

ஸ்பீக்கரில் ஓயாத கரகரப்பு. போதாததற்குக் கண்டமங்கலம் ஏழுமலை. மல்லாட்டை விளைச்சல், மோட்டார் பம்பு என்று நீளமாக. "இது ரோல்கால், சந்தை இல்லை" என்றேன். கடுமைதான். அவசியம்.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். கையேட்டை அடிக்கோடிட்டுப் படித்து, டோன் ஸ்க்வெல்ச் போட்டேன். வருகிற குரலோடு, டோன் என்கிற, காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய ஒலியும் சேர்ந்து வந்தால்தான் என் ஸ்பீக்கர் திறக்கும். கரகரப்பு ஒழிந்தது. கான்வென்டில் சைலன்ஸ் பெல் அடித்த மாதிரி.

விழுப்புரம் தெளிவு. முண்டியம்பாக்கம் தெளிவு. கண்டமங்கலம் பதில் இல்லை. கோபம் போலும். இருக்கட்டும்.

வாங்க: மெழுகுவத்தி, பி.பி. மாத்திரை, வைப்பர் பிளேடு.

அக்டோபர் 9, வியாழன்

புழுக்கம். கண்டமங்கலம் இன்றும் இல்லை. மாலை, சங்கச் செயலாளர் செல்வம் விழுப்புரத்திலிருந்து போன்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஏழுமலை டெய்லி பதில் சொல்லிக்கினுதான் இருக்காரு. நீங்கதான் காதுல வாங்காத மாதிரி தாண்டிப் போறீங்க. எல்லாரும் பேசறாங்க."

"என்ன பேசுகிறார்கள்?"

"கோவத்துல அவர ஒதுக்கி வச்சிட்டீங்கன்னு. நாளைக்கும் இப்படின்னா, திங்கள்லேர்ந்து ரோல்கால நானே எடுத்துக்கறேம்மா."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எல்லோரும் நம்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவள் என்றா இத்தனை நாள் நினைத்திருந்தார்கள்? அதைவிட இன்னொரு பயம்: காது போய்விட்டதோ. கூடத்தில் நின்று பார்த்தேன். சுவர்க் கடிகாரம் கேட்கிறது. லலிதா வீட்டுக் குக்கர்கூடக் கேட்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

மேகமூட்டம். காபி குடிக்கவில்லை.

கண்டமங்கலத்தை அழைத்தேன். ஸ்பீக்கர் மௌனம். ஆனால் செட்டில் பச்சை விளக்கு எரிந்தது. யாரோ பேசுகிறார் என்றல்லவா அர்த்தம்? மானிட்டர் பொத்தானை அழுத்தினேன். டோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருவதை அப்படியே உள்ளே விடும் பொத்தான்.

"...ஏழுமலை, கண்டமங்கலம். இருக்கேம்மா. கரன்ட் இருக்குது, மழ இல்ல. அவ்ளோதாம்மா. வேற கத எதுவும் பேசல."

அவருடையது பழைய செட். அதில் டோனே கிடையாது. தினமும் சொல்லியிருக்கிறார், கதவை அடைத்தவள் நான்.

டோனை அணைத்தேன். கரகரப்பு திரும்பி வந்தது. எல்லோரும் கேட்க மைக்கில் சொன்னேன்: "ஏழுமலை, உங்கள் குரல் எனக்கு எட்டாதபடி செட்டை அமைத்தது நான்தான். கோபம் இல்லை. தவறு என்னுடையது, மன்னியுங்கள். திங்கள் முதல் விழுப்புரம் செல்வமே ரோல்கால் எடுக்கலாம்."

பிறகு ஏழுமலை: "அதெல்லாம் வாணாம். அம்மாவே எடுக்கட்டும். செல்வம் எடுத்தா, அவர எழுப்பறதுக்கே ஒரு ஆளு போவணும்."

செல்வத்தின் சிரிப்பு. "சரிங்கம்மா. நீங்களே எடுங்க."

மைக்கை மறுபடி அழுத்தினேன். "யாராக இருந்தாலும் முதலில் தம் லைசென்ஸில் உள்ள அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும்" என்றேன்.

"பாருய்யா, ஆரம்பிச்சிட்டாங்க."

யார் குரல் என்று தெரியவில்லை. அழைப்புக்குறி சொல்லவில்லை.