மூன்று கேட்சர்களும் எனக்குத்தான்

மார்ச் 10, செவ்வாய்

ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் சுதன் அண்ணா இணையத்தில் நடத்தும் பேஸ்போல் போட்டியில், நிஜ ஆட்டக்காரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி நடத்துகிறோம். அடுத்த சீசனுக்கு ஐந்து பேரைத்தான் தக்கவைக்கலாம். என்னிடம் மூன்று நல்ல கேட்சர்கள், அதாவது அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்கள். களத்திலோ ஒரு கேட்சருக்குத்தான் இடம்.

ஒருவனைத் தரச்சொல்லி அண்ணா ஒரு வாரமாகக் கேட்டார். மாட்டேன் என்றேன். இன்று வேலை முடிந்து ஊபான் சுரங்க ரயிலில் நின்றபடியே வீடு வந்தால், என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு சொல்கிறார்:

"சுதன் கதைச்சவன். ஒராளைக் குடுக்கிறம் எண்டு சொல்லிப்போட்டன். உமக்கு எதுக்கு மூண்டு பேர்?"

இவருக்குப் பேஸ்போலில் ஒரு பக்கம் எத்தனை பேர் என்றே தெரியாது.

அண்ணாவுக்கு உடனே போன் எடுத்தேன்.

"என்ரை அணி. என்னட்டைக் கேளுங்கோ."

"கேட்டனான்தானே. நீ தரமாட்டன் எண்டாய்."

"ஓம். அதுதான் பதில்."

உண்மையில் ஒருவனை நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பதிலுக்கு நல்ல பந்தெறிபவர் ஒருவர் எனக்கு வேண்டும். ஆனால் இனிக் கொடுக்க மனமில்லை. தக்கவைக்கும் ஐவரில் மூவரின் பெயரையும் பதிந்தாயிற்று. இருவர் வருடம் முழுக்கச் சும்மா இருக்கட்டும். கடைசி இடத்துக்கு வந்தாலும், என்னைக் கேட்டுத்தான் என் அணி தோற்கும்.