மாதேவனாருக்குப் பதிலாகக் காரியார்

நலம் பெருகுக, ஆறுகள் கரைக்குள் ஓடுக. மருதஞ்சோலை நாட்டின் மணிமுடி தாங்கிக் குடி காத்து வீற்றிருக்கும் கோமான் திருக்கண்டனாரின் திருமுன்பு, வெண்குன்ற நாட்டுக் கோப்பெருந்தேவி மாநிலைநங்கையாரின் திருவாய்மொழி கேட்டு, அவர்தம் ஓலை அமைச்சன் பெருஞ்சாத்தன் பணிந்து எழுதுவது. தங்கள் வயலில் விளைவும், தங்கள் அவையில் நற்சொல்லும், தங்கள் குடிகளின் வீட்டில் அடுப்பெரிவதும் என்றும் குறையாதிருக்கட்டும்.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. எங்கள் நீலவாய் ஆற்றின் ஓடத்துறையைத் தென்கரைத் தொண்டர் குழாம் வணிகரோடு போட்டியிட்டு அவையில் வென்றதைக் கேள்வியுற்று, அக்குழாத்தை ஆயத்தம் செய்த தென்கரை அதிகாரி மாதேவனாரைத் தங்கள் நாட்டுத் தொண்டர்களுக்கும் வழிகாட்ட அனுப்புமாறு கேட்டிருந்தீர்கள். தேவியார் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்த காரணத்தை எழுதுவதே இவ்வமைச்சனுக்கு இட்ட பணி.

முன்பு ஓடத்துறை வணிகர் கையில் இருந்தது. வெள்ளக் காலத்தில் கூலி கொடுப்போர் மட்டுமே அக்கரை சேர்ந்தனர். பிள்ளைவலி கண்ட ஏழைப் பெண்கள் மருத்துவச்சி இல்லாத கரையிலேயே கிடந்து துடித்தனர். ஆகவே, துறையைத் தகுதியுள்ள எவரும் கேட்டுப் பெறலாம் என்று தேவியார் ஆணையிட்டார். எங்கள் வழக்கப்படி, கேட்க வருவோர் ஆற்றுநீர் நிறைந்த குடத்தோடு அவையில் நிற்க வேண்டும். அவையோரின் கேள்விக்கு விடை வராத ஒவ்வொரு முறையும் குடத்திலிருந்து ஒரு கை நீர் இறைக்கப்படும். முடிவில் எவர் குடத்தில் நீர் மிகுதியோ அவருக்கே துறை. கூலியின்றி ஓடம் செலுத்த முன்வந்த இருகரைத் தொண்டர்களுக்கு ஓடம் வலிக்கத் தெரியும், அவையில் நின்று பேசத் தெரியாது. அதனால் தென்கரையாரை ஆயத்தம் செய்ய மாதேவனாரையும், வடகரையாரை ஆயத்தம் செய்ய ஆதன் காரியாரையும் தேவியார் அமர்த்தினார்.

காரியாரைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டும். மாதேவனார் சந்தைக்குப் போனால் வெற்றிலைக்காரி கொசுறாக இரண்டு வெற்றிலை வைத்துக் கொடுப்பாள்; காரியார் போனால் எண்ணிக் கொடுப்பாள். அந்த இரண்டு வெற்றிலை காரியாரின் நெஞ்சில் வெகுகாலமாகக் கிடந்து உறுத்தியது. அறிவிலும் உழைப்பிலும் குறையாத தம்மை விட்டு ஊர் ஏன் அவரைக் கொண்டாடுகிறது என்று அவர் புழுங்காத நாளில்லை.

தென்கரைக் குழாம் நன்றாகப் பயில்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், காரியாருக்கு வயிறு எரிந்தது. நலம் விசாரிக்கும் சாக்கில் நாள்தோறும் ஆற்றைக் கடந்து போய், அக்குழாத்தின் தலைவி பூவாத்தையிடம் குத்தலாகக் கேள்வி கேட்கத் தொடங்கினார். துடுப்புப் போடுபவன் காய்ச்சலில் விழுந்தால் ஓடத்தை யார் செலுத்துவது என்றார். இரு கரையிலும் ஒரே வேளையில் பிள்ளைவலிக்காரி வந்தால் எந்தக் கரைக்கு முதலில் போவீர்கள் என்றார். பூவாத்தையின் சொந்தத் தங்கை வரிசையை மீறி ஏற வந்தால் என்ன செய்வாள் என்றுகூடக் கேட்டார். அவர்கள் விடை தெரியாமல் விழித்தால் அன்று காரியார் வயிறார உண்டு நிம்மதியாக உறங்கினார். மறுநாள் அவர்கள் கூடிப் பேசி விடையோடு நின்றால் சோறு இறங்காமல், இன்னும் கடினமான கேள்வியைத் தேடிக்கொண்டு போனார். மாதேவனாரோ அருகில் அமர்ந்து வெற்றிலை மென்றபடி எல்லோரையும் புகழ்ந்துகொண்டிருந்தார்.

தம் வடகரையாரைக் காரியார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, பிறரையும் கேட்கவிடவில்லை. தம்முடையவர் என்ற செல்லம். அவர்களுக்கு அழகிய வாழ்த்துரைகளை மட்டும் மனப்பாடம் செய்வித்தார்.

அவை கூடியது. வடகரையார் தேவியாரை வாழ்த்தியதைக் கேட்டு எல்லோரும் தலையசைத்தனர். பிறகு கேள்விகள் தொடங்கின, அவர்கள் குடம் வறண்டது. வணிகரின் குடம் பாதியானது. தென்கரையாரின் குடத்தில் ஒரு கை நீரும் குறையவில்லை. அவையோர் கேட்டவற்றில் ஒன்றேனும் அவர்களுக்குப் புதிதாக இல்லை.

ஊரார் மாதேவனாரைத் தோளில் தூக்கினர். முறைப்படி அவருக்கே பட்டு போர்த்தப்பட்டது. பூவாத்தை மட்டும் நிறைந்த குடத்தைக் கொண்டுபோய்க் காரியாரின் காலடியில் வைத்தாள். மாதேவனார் தம் குழாத்தின் அச்சத்தைப் போக்கினார் என்றும், காரியார் தம்மை உறங்கவிடவில்லை என்றும், உறங்காததாலேயே துறை கிடைத்தது என்றும் அவையறியச் சொன்னாள். காரியார் அதைக் கேட்டாரா என்பது ஐயமே. அவர் கண் முழுதும் அந்தப் பட்டின் மேல் இருந்தது.

ஆகவே கோமானே, தேவியார் ஆணைப்படி தங்களிடம் வருபவர் காரியார். அவரைத் தங்கள் தொண்டர்களுக்கு ஆசானாக அமர்த்த வேண்டாம். வேறொருவரை அமர்த்தி, அவரைக் காரியாரின் காதுபடப் புகழ்ந்துகொண்டே இருங்கள். மீதியைக் காரியார் பார்த்துக்கொள்வார்.

இன்னும் ஒன்று. பயணச் செய்தி கேட்ட அன்று காரியார், தம் வழியில் இல்லாதபோதும் மாதேவனாரின் தெருவைச் சுற்றிக்கொண்டு வீடு போனார். பிறகு இவ்வமைச்சனிடம் வந்து, மருதஞ்சோலைக் கோமான் தம் பெயரைக் குறித்துத்தான் கேட்டாரா என்று வினவினார். ஆம் என்றதும் நம்பாமல் மறுபடியும் வினவினார். மறுபடியும் ஆம் என்று சொல்லப்பட்டது. அந்த முகம் அப்படி மலர்ந்ததை இந்நகரில் எவரும் கண்டதில்லை. மாதேவனாரின் பெயர் இருந்த தங்கள் பழைய ஓலை அன்றே தேவியார் முன்னிலையில் எரிக்கப்பட்டது.

இவ்வோலை விரைவுக் குதிரையில் முன்னே வருகிறது. காரியார் பல்லக்கில் பின்னே வருகிறார். படித்ததும் இதையும் நெருப்பிலிடுக. தங்கள் கோட்டை வாயிலில் ஓர் ஆளை நிறுத்தி, ஆதன் காரியார் வந்தாரா, ஆதன் காரியார் வந்தாரா என்று வருவோர் போவோரிடமெல்லாம் கேட்கச் செய்க. இது தேவியாரின் வேண்டுகோள். இதன்மேல் வெண்குன்றத்து முத்திரை இடப்பட்டது.