இரண்டு வள்ளமும் ஒன்றாம்

அக்டோபர் 14, செவ்வாய்

கடலில் யார் எந்த வள்ளத்தில் இருக்கிறார் என்று கணினி தானே ஊகிக்க, மீனவர் சங்கத்துக்கு நான் எழுதிய ஆன்டாலஜியில், அதாவது எதற்கு எது உறவு என்று கணினிக்குச் சொல்லும் விதித் தொகுப்பில், ஒரு விதி: ஓர் ஆளுக்கு ஒரு நாளில் ஒரே வள்ளம். கடலிலிருந்து தள்ளி, நெய்யாற்றின்கரையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதியது.

இன்று ஸ்டீபன் அண்ணன் நடுக்கடலில் வலை இழுக்க ஆள் போதாமல் வேறு வள்ளத்துக்கு மாறியிருக்கிறார். வயர்லெஸ்ஸில் சொன்னதும் அவர் பெயரில் இரண்டாவது வள்ளமும் பதிவாயிற்று. கணினி பிழை காட்டும் என்றுதான் நம்பியிருந்தேன். காட்டவில்லை. ஆளுக்கு ஒரே வள்ளம் என்றால் இரண்டு பெயரும் ஒரே வள்ளத்துக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டது. இரண்டும் வேறு என்று நான் எங்குமே சொல்லவில்லை.

மதியம் அவர் முதலில் போன வள்ளம் கரை சேர்ந்ததும் இரண்டுமே வந்துவிட்டதாகத் திரை காட்டியது. பிறகு காற்று எச்சரிக்கை வந்தபோது மற்ற வள்ளத்தை யாரும் தேடவில்லை.

நாலு மணிக்கு அவர் மனைவி மேரி அக்கா போன் செய்தார்.

“மக்கா, வள்ளம் வந்தாச்சுண்ணு உனக்க கம்ப்யூட்டர் சொல்லுது. பின்ன எனக்க ஆளு எங்க?”

“இப்பக் கேட்டுச் சொல்லுதேன் அக்கா.”

அதன் பிறகுதான் தேடப் படகு போனது.

இவை வெவ்வேறு வள்ளங்கள் என்று இப்போது ஒரு வரி சேர்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தேடப் போன படகு இன்னும் திரும்பவில்லை. நான் இன்னும் அக்காவைக் கூப்பிடவில்லை.