எரிமலைப் பாதையின் வரைபடம்

என்ர செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் ஒருத்தருக்கும் காட்டமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். வேறு யார் கையிலாவது இந்தக் கடிதம் கிடைத்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், அம்மாவிடம் மட்டும் கொடுக்காதேங்கோ.

மாரிக் குளிரில் நீங்கள் போனபிறகு அம்மா கார் லைசென்ஸ் எடுத்துவிட்டா. இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம். எங்கட ஊர் லோறென்ஸ்கூக்கில் கடைக்கு மழையிலும் தானே காரை ஓட்டுகிறா. ஆனால் நாளைக்கு விடிய லூர்து மாதாவிடம் வெளிக்கிடுகிறா. ஏதோ நேர்த்திக்கடனாம். போன கோடை நாங்கள் போன அதே பாதையால், பிரான்சின் அந்த எரிமலைகளுக்குள்ளால். அவவும் நானும் மட்டும்.

அந்த வளைவுகள் நினைவிருக்கா? ஒரு பக்கம் பச்சை மலை, மற்றப் பக்கம் ஒன்றுமேயில்லை. பின்சீட்டில் அம்மா கண்ணை மூடிச் செபமாலை சொன்னா. நான் முன்னால் வரைபடத்தோடு. உச்சி கிண்ணம் போலக் குழிந்த ஒரு மலைக்கு எதிரே நிறுத்தி, கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். இது திரும்ப வெடிக்குமா என்று உங்களிடம் கேட்டேன்.

"அது எப்பவோ அணைஞ்சுபோச்சு, பிள்ளை. இப்ப எரியிறது கொம்மான்ர சம்பல்தான்."

அம்மா வெறும் தண்ணீர்ப் போத்தலால் உங்கள் முதுகில் மெல்லத் தட்டினா. நீங்கள் முகத்தைச் சுளித்து முதுகைப் பிடித்தீர்கள். பகிடி என்று சிரித்தோம். உங்களைக் கொண்டுபோன அந்த நோ அப்போதே இருந்ததா, அப்பா?

நீங்கள் பென்சிலால் கோடு போட்ட வரைபடத்தை மெத்தைக்குக் கீழே ஒளித்துவிட்டேன். அது இல்லாமல் அம்மா போகமாட்டா என்று நினைத்தேன். ஒரு வளைவில் அவவும் போய்விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்?

பின்னேரம் முழுக்க அம்மா வீட்டைக் கிளறினா. அப்பாதான் சுகமாகவில்லையே, பிறகென்ன நேர்த்தி என்று கோபத்தில் கேட்டுவிட்டேன். அவ நிலத்திலேயே குந்திவிட்டா.

"சுகமாக்கச் சொல்லித்தான் முதல் கேட்டனான். கடைசி நாள் அதைக் கேக்கேல்லை, பிள்ளை. நோகாமல் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு கேட்டனான். மாதா அதைத் தந்தவ."

நீங்கள் நித்திரையிலேயே போனீர்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் இவ்வளவு தூரம். இதை எப்படித் தனியே வைத்திருந்தா?

பயம் போகவில்லை, அப்பா. ஆனாலும் நான் முன்சீட்டில் இருப்பேன். ஒவ்வொரு வளைவையும் முன்னமே சொல்லுவேன். இறக்கத்தில் நீங்கள் செய்ததுபோலக் கியரைக் குறைக்கச் சொல்லுவேன். அந்தக் குழிந்த மலைக்கு எதிரே, நீங்கள் நிறுத்திய இடத்திலேயே...

அம்மா கதவைத் தட்டுகிறா. மெத்தையைத் தூக்கவேணும்.

உங்கட ஒரே பிள்ளை